மீதி மூன்று கிலோ

ஜூலை பத்தொன்பது. மழை விடவில்லை.
கஞ்சூர்மார்க்கில், பதினேழாவது மாடியில்
எங்கள் வீட்டுக்குள்ளே இன்னொரு வீடு
துணியால் கட்டப்பட்டு நின்றது.
ஃபேனுக்குக் கீழே அதியனின் பள்ளிச் சட்டை.
நாற்காலி முதுகில் உன் பேண்ட்.
ஃபிரிட்ஜின் பின்புறச் சூட்டில்
என் உள்பாவாடை;
யார் கண்ணிலும் படாது என்றிருந்தேன்,
கேஸ் மீட்டர் பார்க்க வந்தவர் பார்த்துவிட்டார்.
பால்கனிக்கு வெளியே ஒரு கைக்குட்டை தொங்கினாலும்
சொசைட்டிக்கு ஐந்நூறு ரூபாய் அபராதம்.

மூன்று நாள் காயாத துணிக்கு
ஒரு வாடை உண்டு.
ரத்த வங்கியில் கையுறையைக் கழற்றியதும்
யாரும் பார்க்காதபோது
என் தோளை நானே முகர்ந்துகொள்வேன்.

விக்ரோலிக் கடையில் பிரதமேஷ்
இரண்டு வழிகளைத் திறந்து காட்டினான்.
இரண்டுக்கும் வட்டக் கதவு.
"ஒன்றிலேயே இரண்டும், மேடம்.
ராத்திரி போட்டால் காலையில் மடிக்கலாம்.
நடுவில் யாரும் தொட வேண்டாம்."
நடுவில் யாரும் தொட வேண்டாம்!
அந்த ஒரு வாக்கியத்துக்கே
கார்டை நீட்டியிருப்பேன்.

நீதான் கேட்டாய், எத்தனை கிலோ?
துவைப்பது எட்டு.
உலர்த்துவது ஐந்து.
அப்போ மீதி மூன்று?
"அதை வெளியே எடுத்துடணும், சார்."
வெளியே எங்கே?
கடைக் கண்ணாடிக்கு அப்பால்
எல்.பி.எஸ். ரோடு
ரிக்ஷாக்களின் அச்சு வரை நனைந்து கிடந்தது.

வீட்டுக்கு வந்து அளந்தோம்.
தனித்தனியாக வாங்கினால்
ஒன்றன் தலையில் ஒன்றை ஏற்ற வேண்டும்,
கூடத்துக்கும் குளியலறைக்கும் இடையிலுள்ள சந்தில்.
டேப்பின் ஒரு நுனி உன்னிடம், மறுநுனி என்னிடம்.
குளியலறைக் கதவு வெளியே திறந்து
நடுவில் வந்து நின்றது,
பேச்சுவார்த்தைக்கு அழைக்காத உறவினர் மாதிரி.
நான்கு சென்டிமீட்டர் குறைச்சல்.
அதியனின் கட்டைவிரல் அளவு இடம்
மும்பையில் எங்களுக்கு இல்லை.

ஒன்று கெட்டால் இரண்டும் நிற்கும் என்றாய்.
இரண்டை வைத்தால் நாம் எங்கே நிற்பது என்றேன்.
ஆறு மணி நேரம் எடுக்குமாம், என்றாய்,
அதுவரை அடுத்த மூட்டை காத்துக் கிடக்கும்.
கரண்ட் பில்லைப் பற்றி நான் ஏதோ சொன்னேன்,
தப்பான கணக்கு, தெரிந்தேதான் சொன்னேன்.
கடைசியில் நீ,
"ஒரே உருளை ரெண்டு வேலை பார்த்தா
ரெண்டையும் அரைகுறையாத்தான் பார்க்கும்."

அப்போது குக்கர் மூன்றாவது விசிலை விட்டது.
தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிய போனில்
இரவு ஷிஃப்ட் ஷபானா,
ஓ நெகட்டிவ் எத்தனை பை இருக்கு என்றாள்.
ஏழு என்றேன்.
ஒரு கையால் அடுப்பை அணைத்தேன்.
அதியன் நோட்டை நீட்டினான், "ஏழெட்டு?"
ஐம்பத்தாறு என்றேன்.
போனில் ஷபானா பதறினாள், "ஐம்பத்தாறா?"

நீ என்னைப் பார்த்தாய்.
பிறகு டேப்பைப் பார்த்தாய்.
அது சர்ரென்று
தன் கூட்டுக்குள் போய்விட்டது.

மறுநாள் டியூட்டி முடிந்து வந்தால்
குளியலறைக்குக் கதவு இல்லை.
அது சுவரில் சாய்ந்து நின்றது.
எட்டு திருகாணிகள் ஒரு டம்ளரில்.
வாசலில் நம் பழைய மயில் போட்ட பெட்ஷீட்.
"நாலு இல்ல, ஆறு சென்டிமீட்டர் கிடைச்சுது,"
என்றாய், விரலில் பிளாஸ்டர்.

இப்போது கீழே ஒன்று சுழல்கிறது,
மேலே ஒன்று சுடுகிறது.
என் கைத்தறிப் புடவைகளின் ஓரத்தில்
ஒரு சின்னச் சதுரம், அதன் மேல் பெருக்கல் குறி:
இயந்திரத்தில் உலர்த்தாதே.
ஆக மூன்று கிலோ இன்னும்
ஃபேனுக்குக் கீழேதான் தொங்குகிறது.
கிளிப் போடுவது நீ.
மடிப்பு எடுக்காமல்தான் போடுகிறாய்,
நான் ஒன்றும் சொல்வதில்லை.

வீட்டில் ஒரு புதுச் சட்டம் வந்திருக்கிறது:
மயிலுக்குப் பின்னால் இருப்பவர்
நிமிடத்துக்கு ஒருமுறை
இரும வேண்டும்.